பட்டாபிக்கும் சேர்த்துத்தான் அந்த விருது

எம்.எஸ்.பாஸ்கருக்கு 'பார்க்கிங்' படத்துக்காகத் தேசிய விருது அறிவித்தார்கள், 2025 ஆகஸ்டில். எனக்கு அவ்வளவு சந்தோஷம். ஆனால் அன்றைக்கு வந்த வாழ்த்துகளில் பலவற்றில் ஒரே தொனி. இத்தனை நாள் காமெடி பண்ணிக்கொண்டிருந்தவருக்குள் இப்படி ஒரு நடிகர் இருந்திருக்கிறாரே என்கிற ஆச்சரியம். அந்த ஆச்சரியத்தோடுதான் எனக்குச் சண்டை. உள்ளே எங்கும் ஒளிந்திருக்கவில்லை ஐயா அவர். சன் டிவி சீரியலில் பட்டாபியாக நம் வீட்டுக்குள்ளேயே வந்து நின்ற மனிதர்தான்.

'சின்னப் பாப்பா பெரிய பாப்பா' பார்த்து வளர்ந்தவர்களுக்குப் பட்டாபி என்றாலே போதும், முகம் தானாக மலரும். அந்த அசட்டுக் களையை அவர் எத்தனை வாரம் துளியும் கலையாமல் காப்பாற்றினார் என்று யோசித்துப் பாருங்கள். சினிமாவில் ஒரு காட்சிக்கு நேரம் கொடுப்பார்கள், திரும்ப எடுப்பார்கள். சீரியலில் அன்றைக்கு எடுக்க வேண்டியதை அன்றைக்கே எடுத்தாக வேண்டும். சிரிக்க எதிரே கூட்டமும் கிடையாது. கேமராவுக்குப் பின்னால் லைட் பிடிப்பவர் அடுத்த காட்சியைப் பற்றி யோசித்துக்கொண்டிருப்பார். அந்தச் சூழலில், வீட்டில் உட்கார்ந்திருப்பவன் எந்த இடத்தில் சிரிப்பான் என்று தன் காதுக்குள்ளேயே கணக்குப் போட்டு, அதற்கேற்ற இடைவெளி விட்டுப் பேச வேண்டும். கூட நடித்த நளினியின் அதட்டலுக்குப் பட்டாபி பதில் சொல்லத் தாமதிக்கும் அந்த ஒரு நொடியை நான் பெரிய நடிப்பு என்றுதான் சொல்வேன்.

இந்தக் காது அவருக்கு எங்கிருந்து வந்தது என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. டப்பிங். எண்பதுகளிலேயே சின்னச் சின்ன வேடங்களில் தலைகாட்டத் தொடங்கியவர் அவர். ஆனாலும் முகம் ஊருக்குத் தெரிவதற்கு முன்பே குரல் உழைத்துக்கொண்டிருந்தது. சகோதரியும் டப்பிங் கலைஞர், பின்னாளில் மகள் ஐஸ்வர்யாவும் அதே துறைக்கு வந்தார். (மகன் ஆதித்யாதான் '96' படத்தில் பள்ளிக்கூட ராம்.) டப்பிங்கில் வசனத்தை மட்டும் பேசினால் வேலை முடியாது. வேறு யாரோ ஒருவர் திரையில் வாய் திறக்கும் நேரத்தில் நம் சொல் தொடங்க வேண்டும், அவர் வாய் மூடும்போது முடிய வேண்டும். தாளில் எழுதியே இல்லாத மூச்சு, முனகல், 'ம்' கொட்டல், எச்சில் விழுங்கும் சத்தம் எல்லாம் குரல் கொடுப்பவர் பொறுப்பு. உடம்பை அசைத்தால் மைக்கில் சத்தம் விழும் என்பதால் முழு உணர்ச்சியையும் தொண்டைக்குள்ளேயே நிறுத்த வேண்டும். இதில் ஊறியவர் தானே கேமரா முன்னால் வந்து நின்றால், ஒரு அரை வார்த்தையைக்கூட வீணாக்க மாட்டார்.

'மொழி' (2007) படத்தில் அது அப்படியே தெரியும். 1984-ல் மகனைப் பறிகொடுத்த அதிர்ச்சியில் காலம் அங்கேயே நின்றுபோன பேராசிரியர். அந்த வருஷத்துச் சேதிகளை இன்றைய சேதியாக நினைத்துப் பேசுவார். தியேட்டரே சிரிக்கும். இயக்குநர் ராதாமோகன் அந்தச் சிரிப்பை வளரவிட்டு, பிறகு காரணத்தைச் சொல்வார். பிரகாஷ்ராஜ் உண்மையைப் போட்டு உடைக்கும் காட்சியில் பாஸ்கர் உடைந்து அழும்போது நமக்குத் தொண்டை அடைக்கிறது. ஏன் அடைக்கிறது? அதுவரை அவரைப் பார்த்துச் சிரித்தது நாம்தானே. அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் இந்த அழுகைக்கு இவ்வளவு கனம் இருந்திருக்காது. இரண்டையும் கட்டியது ஒரே ஆள். அழுத பாதிக்கு மட்டும் மதிப்பெண் போட்டால் எப்படி?

அப்புறம் 'சூது கவ்வும்', 'அரிமா நம்பி', '8 தோட்டாக்கள்' என்று வரிசையாகச் சொல்லலாம். '8 தோட்டாக்கள்' கிருஷ்ணமூர்த்தி தன் வாழ்க்கையைச் சொல்லும் அந்த நீண்ட காட்சியைப் பற்றி எல்லாரும் ஏற்கெனவே எழுதிவிட்டார்கள், அதனால் நான் விடுகிறேன்.

'பார்க்கிங்'குக்கு வருகிறேன். அதில் பாஸ்கர் நடித்த இளம்பரிதி ஒரு அரசு அதிகாரி, நேர்மையானவர், கடுமையான சிக்கனக்காரர். ஒரே வீட்டில் குடியிருக்கும் இளைஞன் கார் வாங்கி நிறுத்துகிறான் என்பதற்காக, தேவையே இல்லாமல் தானும் ஒரு கார் வாங்குகிறார். எல்லாம் அந்த ஒரு கார் நிற்கும் இடத்துக்காக. இந்தக் கதைச் சுருக்கத்தை மட்டும் படித்துப் பாருங்கள், இது முழுக்க முழுக்க நகைச்சுவை நாடகத்துக்கான கதை! அதை விஷமாக மாற்றியது நடிப்பு. இளம்பரிதியின் அற்பத்தனம் நமக்கு நிஜமாகத் தெரிவதற்குக் காரணம், மனிதனின் அற்பத்தனத்தை இத்தனை வருஷம் காமெடியில் உற்றுப் பார்த்த ஒருவர் அதை நடித்ததுதான். பட்டாபியில் பழகிய அதே கைதான். இங்கே கொஞ்சம் இறுக்கிப் பிடித்திருக்கிறார், அவ்வளவுதான்.

இது பாஸ்கரோடு முடிகிற விஷயமும் இல்லை. நாகேஷ் வாங்கிய ஒரே தேசிய விருது 1994-ல் வந்த 'நம்மவர்' படத்துக்கு. மகளைத் தற்கொலையில் இழந்த தகப்பன் வேடம். மறுக்க முடியாத நடிப்பு, கும்பிட வேண்டியது. ஆனால் அதே 1994-ல்தான் 'மகளிர் மட்டும்' வந்தது. அதில் நாகேஷுக்குப் பிணம் வேடம். ஒரு வசனம் கிடையாது, கண்ணசைவு கிடையாது. உடம்பு முழுக்க நாட்டியம் ஆடியே பேர் வாங்கிய ஒரு நடிகர், ஆட்டத்தை மொத்தமாக நிறுத்திவிட்டு, மற்றவர்கள் தூக்கிய பக்கமெல்லாம் சரிந்து நம்மை வயிறு வலிக்கச் சிரிக்க வைத்தார். தலை எந்தப் பக்கம் தொங்க வேண்டும், கை எவ்வளவு நேரம் கழித்து விழ வேண்டும் என்பதில்தான் மொத்தச் சிரிப்பும் இருக்கிறது. என்னைக் கேட்டால் இரண்டில் கடினமானது இதுதான். விருது அழுகைக்குப் போனது.

மனோரமாவுக்கும் 'புதிய பாதை'க்குத்தான் கிடைத்தது. ஆச்சி எங்களைச் சிரிக்க வைத்த நூற்றுக்கணக்கான வேடங்களில் ஒன்றுக்குக்கூட இல்லை. மலையாளத்தில் சலீம் குமாரைப் பாருங்கள், சுராஜ் வெஞ்ஞாறமூடுவைப் பாருங்கள். இருவரும் மக்களைச் சிரிக்க வைத்தே வளர்ந்தவர்கள். இருவருக்கும் சிறந்த நடிகர் தேசிய விருது வந்தது சிரிப்பே இல்லாத படங்களுக்குத்தான். அந்தப் படங்களைக் குறை சொல்லவில்லை. சிரிக்க வைப்பவர் என்றைக்காவது சிரிப்பை விட்டுவிட்டு வந்தால்தான் நாற்காலி போடுவோம் என்கிற மனப்பான்மையைத்தான் சொல்கிறேன்.

தமிழ்நாடு அரசு விருதில் நகைச்சுவைக்குத் தனிப் பிரிவு இருக்கிறதே என்பார்கள். இருக்கட்டும், நல்லதுதான். ஆனால் தனிப் பிரிவு என்றாலே, பெரிய பிரிவில் உனக்கு இடமில்லை என்று மெல்லச் சொல்லிவிடுவது போலவும் ஆகிவிடுகிறது. வடிவேலுவின் ஒரு நல்ல வேடத்தைச் சிறந்த துணை நடிகர் பட்டியலில் வைத்து, மற்ற நடிப்புகளோடு நேருக்கு நேர் எடை போட்டுப் பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஆசை. தோற்றால் தோற்கட்டும். தராசில் வைக்காமலே ஒதுக்குவதுதான் வலிக்கிறது.

பாஸ்கரைப் பேட்டி எடுக்கப் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். அந்த அழுகைக் காட்சியில் எப்படி அழுதீர்கள் என்று இனிமேல் கேட்காதீர்கள், அவரும் பலமுறை சொல்லியிருப்பார். பட்டாபியின் குரலை முதலில் எந்தச் சுருதியில் முயன்று பார்த்தார், எதைக் கைவிட்டார், எதிரில் நளினி சிரித்துவிட்டால் என்ன செய்தார், டப்பிங்கில் கற்ற எந்த வித்தையை சீரியலில் பயன்படுத்தினார் என்று கேளுங்கள். உட்கார்ந்து நிதானமாகப் பதிவு செய்யுங்கள். எடிட்டிங்கில் வெட்டாமல் முழுசாகப் போடுங்கள், இரண்டு மணி நேரம் ஓடினாலும் பார்க்க நான் தயார்.