தனியார் ஊழியருக்கு உண்டு, அரசு ஊழியருக்கு இல்லை

பினாங்கின் பிறை தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையின் சங்கச் செயலாளரை நிர்வாகம் வேலையை விட்டு நிறுத்தினால், அவருக்குப் போக இடம் இருக்கிறது. மலேசியாவின் 1967 தொழில்துறை உறவுச் சட்டத்தின் 5ஆவது பிரிவு, சங்கத்தில் இருப்பதற்காக ஒருவரை நீக்கவோ மிரட்டவோ கூடாது என்கிறது. 20ஆவது பிரிவின்படி 60 நாளுக்குள் தொழில்துறை உறவு இலாகாவில் மனு கொடுக்கலாம். சமரசம் கைகூடாவிட்டால் வழக்கு தொழில்துறை நீதிமன்றத்துக்குப் போகும். 2021 முதல் அமைச்சரின் கையெழுத்துக்காகக் காத்துக் கிடக்கும் கட்டமும் இல்லை.

அதே பினாங்கில் அரசு மருத்துவமனை அட்டெண்டண்டாக இருக்கும் சங்கத் தலைவருக்கு இந்த இரண்டு பிரிவுமே கிடையாது. அதே சட்டத்தின் 52ஆவது பிரிவு, அரசு ஊழியர்களையும் சட்டப்பூர்வ அமைப்புகளின் ஊழியர்களையும் 2ஆம் பாகத்திலிருந்து 6ஆம் பாகம் வரை மொத்தமாக வெளியே நிறுத்திவிட்டது. இது நம் சங்கங்களில் பொறுப்பில் இருக்கிற பலருக்கே தெரியாது. கடிதம் கைக்கு வந்த பிறகுதான் தெரிய வருகிறது.

"அரசு வேலையை யாரும் பிடுங்க முடியாது, அரசியல் சாசனமே காவல்" என்பார்கள். உண்மையில் 135(2)ஆவது பிரிவு சொல்வது ஒன்றுதான்: தன் பக்கத்தைச் சொல்ல நியாயமான வாய்ப்பு கொடுக்காமல் ஒருவரைப் பதவி நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. வாய்ப்பு என்றால் நேரில் அழைத்து விசாரிப்பது என்று நினைத்துவிடாதீர்கள். எழுத்தில் விளக்கம் கேட்டாலே போதும் என்பது நீதிமன்றங்களின் நீண்டகால நிலை. போதாததற்கு அந்தப் பிரிவிலேயே ஒரு விதிவிலக்கும் உண்டு. "பொது நலன் கருதி" ஒருவரின் சேவையை முடித்தால் அது பதவி நீக்கமே ஆகாதாம். நடத்தைக் குற்றத்தோடு தொடர்பு இருந்தாலும் ஆகாது, அதில் தண்டனையின் சாயல் இருந்தாலும் ஆகாது. பின்னால் சேர்த்த வாசகம் இது. ஆனால் சுதந்திரம் பெற்ற மெர்டேக்கா நாளிலிருந்தே இருந்ததாகக் கருத வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறார்கள். சங்கத் தலைவர்கள் பயப்பட வேண்டிய கதவு இதுதான் என்பேன்.

அரசியல் பழிவாங்கல் "நீ சங்கத்துக்காரன், போ" என்று சொல்லிக்கொண்டு வராது. எப்போதும் வேறு சட்டை போட்டுக்கொண்டுதான் வரும்.

முதல் வழி இது. புதன்கிழமை பிற்பகல் 3 மணிக்குக் கிளைக் கூட்டம் என்று வையுங்கள். செயலாளர் மேற்பார்வையாளரிடம் வாய்மொழியாகக் கேட்கிறார், அவரும் "போயிட்டு வா" என்கிறார். வருகைப் பதிவில் 2.40க்கு வெளியே போனது இருக்கிறது, திரும்பியது இல்லை. நாலு மாதத்தில் இப்படி ஆறு முறை. அதற்குள் மேற்பார்வையாளர் மாற்றலாகிவிட்டார். பிறகு ஊழியர் பற்றாக்குறை குறித்துச் சங்கம் பத்திரிகைக்கு அறிக்கை விடுகிறது. இரண்டு வாரத்தில் "துஞ்சோக் செபாப்", அதாவது விளக்கம் கேட்கும் கடிதம் வருகிறது, ஆறு நாள் அனுமதியின்றிப் பணியில் இல்லை என்று. அறிக்கையைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இருக்காது. தாளில் பார்த்தால் குற்றச்சாட்டு சுத்தமாக நிற்கும். இதற்கு ஒரே மருந்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்கூட்டியே எழுத்தில் அனுமதி வாங்கி, இலாகா முத்திரையோடு நகலைச் சங்க அலுவலகத்திலும் வைப்பது. வாட்ஸ்அப் "ஓகே" போதாது. போனை மாற்றினால் அதுவும் போய்விடும்.

இரண்டாவது வழி அந்த அறிக்கையேதான். 1993 பொது அதிகாரிகள் நடத்தை, ஒழுங்கு விதிகளின் 19ஆவது விதி, அரசின் கொள்கைக்கோ முடிவுக்கோ பாதகமான பொது அறிக்கை கூடாது என்கிறது. ஆள் போதவில்லை என்று சொல்வது ஊழியர் நலனா, கொள்கை விமர்சனமா? முடிவு செய்வது எதிர்த்தரப்பு. அதனால் அறிக்கை சங்கத்தின் லெட்டர்ஹெட்டில், செயற்குழுத் தீர்மான எண்ணோடு, "சங்கத்தின் சார்பில்" என்று போக வேண்டும். சொந்த முகநூல் பக்கத்தில் அதையே சூடாக எழுதிப் போடாதீர்கள். அங்கே பேசுவது சங்கமல்ல, ஓர் அரசு ஊழியர்.

மூன்றாவது இடமாற்றம். பினாங்கின் ஜார்ஜ் டவுனிலிருந்து கடல் தாண்டிச் சபாவின் தவாவ். இது தண்டனைப் பட்டியலிலேயே இல்லை, அதனால் விளக்கம் கேட்கவும் தேவையில்லை. மேல்முறையீடு செய்துவிட்டு வீட்டில் உட்கார்ந்தால் வலை இன்னும் இறுகும். அனுமதியின்றி 7 வேலை நாள் தொடர்ந்து வராமல், ஆளையும் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால், கடைசியாகத் தெரிந்த முகவரிக்குப் பதிவுத் தபால் போகும். பதில் இல்லையென்றால் அரசாங்க கெஜட்டில் அறிவிப்பு, அதோடு வேலை போனது. முகவரி மாறியதைப் பணிப் புத்தகத்தில் பதிந்திருக்கிறீர்களா என்று இன்றே பாருங்கள். மேல்முறையீடு நிலுவையில் இருந்தாலும் புதிய இடத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போராடுங்கள்.

நீக்கும் நோக்கத்தோடு கடிதம் வந்துவிட்டால் பதில் தர 21 நாள். முதல் வாரம் கோபத்திலும் ஆறுதல் தேடுவதிலும் போய்விடுகிறது. அதைப் பிடித்து நிறுத்துங்கள். குற்றச்சாட்டுகளுக்குத் தனித்தனியே, தேதி வாரியாகப் பதில் எழுதுங்கள். கேட்ட ஆவணம் தரப்படவில்லை என்றால் அதையும் பதிலிலேயே குறிப்பிடுங்கள். தண்டனையைக் குறைக்கக் கோரும் காரணங்கள், அதாவது பணி ஆண்டுகள், விருது, குடும்ப நிலை, எல்லாவற்றையும் அதே கடிதத்தில் சேருங்கள். குற்றம் நிரூபணமான பிறகு தனியாகக் கேட்பார்கள் என்று காத்திருந்தால் ஏமாற்றம்தான். பினாங்கு பொது மருத்துவமனையின் ஒழுங்கு வாரியம் தொடர்பான வழக்கில், அப்படி இரண்டாவது வாய்ப்பு கொடுக்கத் தேவையில்லை என்று கூட்டரசு நீதிமன்றம் 2000ஆம் ஆண்டில் தீர்ப்பளித்துவிட்டது.

முடிவு பாதகமானால் 14 நாளுக்குள் இலாகாத் தலைவர் வழியாக மேல்முறையீடு. நீதிமன்ற மறு ஆய்வுக்கு 3 மாதம். கோலாலம்பூர் ஜாலான் டூத்தாவிலோ பினாங்கு லைட் ஸ்திரீட்டிலோ உள்ள உயர் நீதிமன்றத்தில் வழக்கறிஞர் வைத்து, வழக்குத் தொடரவே முதலில் அனுமதி வாங்க வேண்டும். நீதிபதி பெரும்பாலும் பார்ப்பது நடைமுறை சரியா என்பதைத்தான். பழிவாங்கும் நோக்கம் இருந்தது என்று நிரூபிக்கும் சுமை ஊழியர் தலையில். கோப்புகள் எல்லாம் இலாகாவின் அலமாரியில்.

2018 மே முதல் 2022 நவம்பர் வரை புத்ராஜெயாவில் ஆட்சி நான்கு முறை மாறியது. ஒவ்வொரு மாற்றத்திலும் நேற்றுவரை அமைச்சரோடு மேசையில் பேசிய சங்கத் தலைவர் "பழைய ஆளின் ஆள்" ஆகிவிடுகிறார். எந்தக் கட்சி வந்தாலும் இந்த ஆபத்து உண்டு. ஒப்பந்த ஊழியர் நிலை இன்னும் மோசம். அவரை நீக்கவே வேண்டாம், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்காமல் விட்டால் போதும். 2021 ஜூலை 26இல் ஒப்பந்த மருத்துவர்கள் வெளிநடப்புச் செய்தபோது இந்தப் பயம் எத்தனை பேரின் தலைக்கு மேல் தொங்கியது என்று நாம் பார்த்தோம்.

என் கோரிக்கை இது. தேர்ந்தெடுக்கப்பட்ட சங்கப் பொறுப்பாளரை நீக்குவதோ, பதவி இறக்குவதோ, இடம் மாற்றுவதோ, ஒப்பந்தத்தைப் புதுப்பிக்க மறுப்பதோ எதுவானாலும், இலாகாவுக்கு வெளியே உள்ள ஒரு குழுவின் எழுத்துபூர்வ அனுமதி முன்கூட்டியே வேண்டும். பொறுப்பிலிருந்து இறங்கி 2 ஆண்டு வரைக்கும் அது நீடிக்க வேண்டும். நடவடிக்கைக்கும் சங்க வேலைக்கும் சம்பந்தமில்லை என்று நிரூபிப்பது முதலாளியான அரசின் கடமையாக இருக்க வேண்டும். லஞ்சம் வாங்கியவரை, சங்கக் காசில் கை வைத்தவரைக் காப்பாற்ற யாரும் கேட்கவில்லை. ஆதாரம் இருந்தால் குழு ஒரே அமர்வில் அனுமதி தரட்டும்.

இது நடக்காத காரியமும் அல்ல. இந்தியாவின் 1947 தொழிற்தகராறு சட்டம், மொத்தத் தொழிலாளர்களில் 1 சதவீதம், குறைந்தது 5 பேர், அதிகபட்சம் 100 பேர் வரை சங்கப் பொறுப்பாளர்களைப் பாதுகாக்கப்பட்ட தொழிலாளர்களாக ஏற்றது. தகராறு நிலுவையில் இருக்கும்போது எழுத்துபூர்வ அனுமதி இல்லாமல் அவர்கள் மேல் கை வைக்க முடியாது. அரசு ஊழியருக்கு அங்கேயும் அந்தக் கவசம் இல்லை. 2003 ஜூலையில் தமிழ்நாட்டில் வேலைநிறுத்தம் செய்த ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட அரசு ஊழியர்களும் ஆசிரியர்களும் ஒரே அடியில் நீக்கப்பட்டதை மறக்க முடியுமா?

மலேசியா 1961இலேயே ஏற்றுக்கொண்ட ஐஎல்ஓ எனும் அனைத்துலகத் தொழிலாளர் அமைப்பின் 98ஆவது உடன்படிக்கை, சங்க வேலைக்காக நீக்குவதைத் தடுக்கிறது. அரசு நிர்வாகத்தை நடத்தும் அதிகாரிகள் அதில் வரமாட்டார்கள் என்பது உண்மை. ஆனால் வார்டில் ஸ்ட்ரெச்சர் தள்ளுபவரும், சாலையோரக் கால்வாய் அள்ளுபவரும், தமிழ்ப்பள்ளி ஆசிரியரும் எந்த நாட்டு நிர்வாகத்தை நடத்துகிறார்கள்? அவர்களையும் 52ஆவது பிரிவு ஏன் வெளியே நிறுத்த வேண்டும்?

அரசு ஊழியர் சங்கங்களின் கூட்டமைப்பான கியூபெக்ஸ் சம்பளத்துக்கும் ஓய்வூதியத்துக்கும் காட்டும் வேகத்தை இதற்கும் காட்ட வேண்டும். உங்கள் கிளையின் அடுத்த ஆண்டுக் கூட்டத்தில், 52ஆவது பிரிவிலிருந்து 5ஆவது, 20ஆவது பிரிவுகளை மட்டுமாவது விடுவிக்கக் கோரி ஒரு தீர்மானம் கொண்டு வாருங்கள். அரைப் பக்கம் போதும். வாசகம் வேண்டுமென்றால் கமெண்டில் கேளுங்கள், எழுதித் தருகிறேன்.