பீர் பீப்பாய் அளந்து நட்ட தூண்கள்

பழைய ரயில்வே கம்பெனிக் கட்டடம் என்றாலே கோபுரத்தையும் கடிகாரத்தையும்தான் எல்லோரும் படம் எடுக்கிறார்கள். எனக்கு அவற்றின் அடிவயிற்றின் மேல்தான் ஆசை.

லண்டன் செயின்ட் பாங்க்ரஸ் நிலையம் மிட்லண்ட் ரயில்வே கம்பெனி 1868-ல் திறந்தது. சற்று வடக்கே ரீஜென்ட்ஸ் கால்வாய் ஓடுகிறது. அதற்கு மேலாக வரும் தண்டவாளம் சட்டென்று தரைக்கு இறங்க முடியாதே! அதனால் பிளாட்பாரத்தையே தெருமட்டத்துக்கு மேலே இரும்புத் தூண்களில் நிறுத்தினார்கள். சரி, கீழே கிடைத்த இடம்? பீர் காய்ச்சும் ஊரான பர்ட்டனிலிருந்து கம்பெனி ஏற்றிவந்த பீர் பீப்பாய்களுக்குக் கிடங்கு. பீப்பாய்கள் அடுக்க வசதியாகத்தான் தூணுக்குத் தூண் இடைவெளி விட்டார் பொறியாளர் வில்லியம் பார்லோ.

மேலே சுமார் 73 மீட்டர் அகலக் கூரை, நடுவில் ஒரு தூண்கூடக் கிடையாது. இப்படிப்பட்ட வளைவின் இரண்டு காலும் வெளிப்பக்கம் விலகப் பார்க்கும். வில்லுக்கு நாண் போல அவற்றை இழுத்துப் பிடிப்பவை பிளாட்பாரத்துக்கு அடியில் ஓடும் இரும்பு உத்திரங்கள். பயணி மிதித்து நடக்கிற தளம்தான் தலைக்கு மேலுள்ள கூரையை விலகாமல் காக்கிறது! இதைப் படித்த அன்று வேறு எதிலும் மனம் போகவில்லை.

தெருப்பக்கம் கில்பர்ட் ஸ்காட் கட்டிய செங்கல் ஹோட்டல் 1873-ல் வந்தது. அழகுதான். ஆனால் அதை மட்டும் வைத்துக்கொண்டு பின்னால் இருப்பதை இடித்திருந்தால், மிஞ்சுவது வெறும் முகமூடி. 'முகப்பைக் காப்பாற்றிவிட்டோமே' என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இதனால்தான்.

நியூயார்க்கில் தலைகீழாக நடந்தது. பென்சில்வேனியா ரயில்ரோடு கம்பெனி 1910-ல் திறந்த மாபெரும் நிலையத்தை 1963-ல் இடிக்கத் தொடங்கினார்கள். கம்பெனிக்குப் பணமுடை, தலைக்கு மேலிருந்த இடத்துக்கு நல்ல விலை. நிலத்தடித் தண்டவாளங்கள் அப்படியே இருக்கின்றன, ரயிலும் ஓடுகிறது. வெளிச்சம் கொட்டிய அந்தக் கூடம்தான் இல்லை.

மும்பையின் பழைய விக்டோரியா டெர்மினஸைப் (இன்றைய சத்ரபதி சிவாஜி மகராஜ் டெர்மினஸ்) பார்க்கும்போது மனசு ஆறுகிறது. ஜி.ஐ.பி. (கிரேட் இந்தியன் பெனின்சுலா) ரயில்வே கம்பெனிக்காக எஃப். டபிள்யூ. ஸ்டீவன்ஸ் வடிவமைத்து 1878-ல் வேலை தொடங்கிய கட்டடம் அது. வாசல் தூண்களில் ஒருபுறம் சிங்கம், மறுபுறம் புலி. குவிமாடத்துக்கு அடியில் அகலமான படிக்கட்டு. அன்று கம்பெனியின் அலுவலகம், இன்று மத்திய ரயில்வேயின் தலைமையகம். கோப்பும் ஆளும் இன்னும் நடமாடும் கட்டடத்துக்கு உயிர் இருக்கிறது. 2004-ல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது அதற்கு அப்புறம்தான் எனக்கு.

செயின்ட் பாங்க்ரஸ் பீர் கிடங்கும் வீணாகவில்லை. 2007-ல் பாரிஸ் போகும் யூரோஸ்டார் ரயில் அங்கே வந்தபோது பிளாட்பாரத் தளத்தில் திறப்புகள் வெட்டிக் கிடங்குக்குள் வெளிச்சம் இறக்கினார்கள். பீப்பாய்க்கு அளந்து நட்ட அதே தூண்களுக்கு நடுவேதான் இப்போது பயணிகள் பெட்டியை உருட்டிக்கொண்டு போகிறார்கள்.