நாய்க்கு அனுமதியில்லை, போத்தலுக்கு உண்டோ?

சித்திரை பிறந்தால் மலைநாட்டைப் பிடிக்கும் சனியனுக்குப் பெயர் 'சீசன்'. நுவரெலியாவில் குதிரைப் பந்தயம், மலர்க் கண்காட்சி என்று கொண்டாடுகிறவர்கள் கொண்டாடட்டும். கடைக்காரருக்கு நாலு காசு, ஆட்டோக்காரருக்கு நாலு ஓட்டம் கிடைத்தால் எனக்கென்ன வயிற்றெரிச்சல்? ஆனால் அங்கே இடம் போதாத கூட்டம் தலவாக்கலைப் பக்கம் வழிந்து, தேயிலை மலைகளுக்கு நடுவில் கிடக்கிற சின்ன நீர்வீழ்ச்சிகளையெல்லாம் தவறணையாக்கிவிட்டுப் போகிறதே, அதைத்தான் பொறுக்க முடியவில்லை.

எங்கள் தோட்டத்துக்கு மேலே உள்ள அருவியின் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் அடுத்த வாரம் இன்னும் பத்து வேன் வந்து நிற்கும். என் நாய்கள் ஜிம்மிக்கும் கறுப்பிக்கும் அந்த வழி மனப்பாடம். கவ்வாத்து வெட்டிய மலையைத் தாண்டி, வடிகானை ஒட்டி ஏறினால் போதும், தண்ணீர்ச் சத்தம் கேட்டதும் இரண்டும் என்னை விட்டுவிட்டு ஓடிவிடும். சித்திரையில் பின்னேரமானால் இடியும் மழையும் என்பதால் விடிந்ததும் கிளம்பிவிடுவோம். அட்டைக்கு என் காலில் சவர்க்காரம் பூசிக்கொள்ளலாம். நாய்களின் விரலிடுக்கில் ஏறியதை உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் பிடுங்க வேண்டும். அதெல்லாம் சலிப்பே இல்லை. அட்டை மலையில் பிறந்தது, அது இருக்கத்தான் செய்யும்.

பியர் போத்தல் மலையில் பிறந்ததா?

இம்முறை போனபோது பாறை மேல் ஸ்பீக்கர் வைத்துப் பைலாப் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஜிம்மி தண்ணீரில் கால் வைத்ததும் ஒருவர், "தம்பி, நாயை இறக்காதீர்கள், நாங்கள் குளிக்கிற இடம், அசுத்தமாகிவிடும்" என்றார். சொன்னவரின் தலை முழுக்க ஷாம்பு நுரை. வெறும் ஷாம்பு பாக்கெட் அவர் காலடியில் மிதந்தது. அதற்குக் கொஞ்சம் கீழேதான் எங்கள் வரிசை வீடுகளான லயத்துக்குத் தண்ணீர் போகும் குழாயின் வாய் இருக்கிறது. அந்த நுரையில்தான் எங்கள் வீடுகளில் அன்று உலை வைத்திருப்பார்கள். விசர்நாய்த் தடுப்பூசி போட்ட என் நாய் அசுத்தமாம்!

நான் வாயைத் திறப்பதற்குள் ஜிம்மி கத்தினான். முன்னங்காலைத் தூக்கிக்கொண்டு நொண்டினான். பிடித்துப் பார்த்தால் உள்ளங்காலின் மெத்தைக்கும் விரலுக்கும் இடையில் பழுப்புக் கண்ணாடித் துண்டு, நகமளவுதான், ஆனால் குறுக்கே ஆழமாக இறங்கியிருந்தது. இழுத்ததும் ஈரப் பாறையில் இரத்தம் பரவியது. என் துவாயைக் கிழித்துக் கட்டித் தோளில் போட்டுக்கொண்டு இறங்கினேன். நீண்ட விடுமுறை, மிருக வைத்தியரைத் தேடிப் பிடிக்கவே மாலையாகிவிட்டது. தையல் போட்டார்கள்.

திரும்பிப் போய்ப் பார்த்தேன். பாறையிடுக்கெல்லாம் கண்ணாடி. குளிரட்டும் என்று போத்தலை ஓடையில் போட்டு வைப்பார்கள். குடித்து முடிந்ததும் பாறையில் எறிந்து யாருடையது தூளாகிறது என்று பார்ப்பார்கள். வீரமாம். பக்கத்திலே சோறு ஒட்டிய லன்ச் சீட், சோறு சுற்றுகிற பொலித்தீன் தாள். 2017 செப்டெம்பரிலேயே தடை செய்தார்களே, அதே சாமான். தடை கொழும்பிலிருந்து மலையேறும் வழியில் மூச்சு வாங்கி நின்றுவிட்டது போலும்.

ஹோர்ட்டன் சமவெளித் தேசியப் பூங்காவுக்குள் நாய் கூடாது என்கிறார்கள். முழு நியாயம், அங்கே மரைகள் மேய்கின்றன, நாயிடமிருந்து காட்டு விலங்குக்கு நோய் தொற்றும். ஆனால் அதே வாசலில் உங்கள் பையைத் திறந்து பொலித்தீனையும் கழற்றி வாங்கிக்கொள்கிறார்கள் அல்லவா? அங்கே முடிகிறது, தோட்டத்துக்குள் இருக்கிற அருவிக்கு மட்டும் ஏன் முடியாது? தோட்ட நிர்வாகத்தைக் கேட்டால் ஓடைக்கரை அரசாங்கத்துடையது என்கிறார்கள். அரச அலுவலகத்தில் கேட்டால் அது தோட்டக் காணி. ஆக, அருவிக்கு அப்பனும் இல்லை, ஆத்தாளும் இல்லை. மேல் கொத்மலை நீர்மின்திட்டம் வந்து செயின்ட் கிளேயர் நீர்வீழ்ச்சி மெலிந்து போனதைக் கண்ணால் கண்ட ஊர்க்காரர்கள் நாங்கள். அதிலாவது மின்சாரம் வருகிறது. இந்தக் கூத்தில் என்ன வருகிறது?

அந்த அலுவலகத்து ஐயா கடைசியில் எனக்குச் சொன்ன ஆலோசனை: "சீசன் முடியும்வரை நாயைக் கட்டி வையுங்கள்." அதே ஓடையை வெறும் ரப்பர்ச் செருப்போடு கடந்துதான் அக்காமார் மேல்மலைக்குக் கொழுந்து பறிக்கப் போகிறார்கள். அவர்களையும் கட்டி வைக்க வேண்டுமா, ஐயா?