புரோக்கர் மேல் யாரிடம் புகார் சொல்வது?

மூன்று வருடம் குடியிருந்த காரைக்குடி வீட்டைச் சித்திரையில் காலி செய்தோம். பழைய செட்டிநாட்டு வீடு. பங்காளிகள் பிரித்துக்கொண்டதில் நாங்கள் இருந்த இரண்டாம் கட்டு ஒரு ஆச்சியின் பங்கு. ஆச்சி இருப்பது சென்னையில். சாவி, வாடகை, அட்வான்ஸ் எல்லாம் ஒரு புரோக்கர் கையில்.

50,000 ரூபாய் அட்வான்ஸில் 18,000-ஐப் பிடித்துக்கொண்டார். பாதி வெள்ளையடிக்க, பாதி தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லை உடைத்ததற்காம். நாங்கள் உடைக்கவில்லை. பால் காய்ச்சிய அன்று எடுத்த போட்டோ என் போனில் இருந்தது. அடுப்புப் பக்கத்தில் மகள் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். அவள் முழங்காலுக்குக் கீழே, பூப்போட்ட கல்லில், நிலைப்படியிலிருந்து கோணலாக ஓடுகிறது அதே கீறல்.

போட்டோவைக் காட்டினேன். "ஓனர் சொல்றாங்க, நான் என்னம்மா பண்றது? நாளைக்கு இதே ஊர்ல வேற வீடு பாக்கணும்ல?" என்றார். இந்த ஒரு பேச்சுக்குத்தான் வாடகைக்கு இருப்பவர்கள் எல்லாரும் வாயை மூடிக்கொள்கிறோம். எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

நேராக ஆச்சிக்கே கடிதம் எழுதினேன். குடிவந்த தேதி, காலி செய்த தேதி, கொடுத்த தொகை, பிடித்த தொகை, போட்டோ பிரிண்ட். ஒப்புகையோடு தபாலில் போட்டேன். நாலாம் நாள் ஆச்சியே கூப்பிட்டார். "வாடகை ஏழாயிரத்து ஐநூறா? எனக்கு ஆறாயிரத்து ஐநூறுதானே ஆத்தா வருது?" மாதம் ஆயிரம், மூன்று வருடம். கணக்கு அவருக்கே அப்போதுதான் தெரிந்தது. அடுத்த வாரம் 18,000 என் கணக்கில் ஏறியது. அதனால் சொல்கிறேன், புரோக்கரோடு மல்லுக்கட்டும் முன் ஓனருக்கு எழுத்தில் தெரியப்படுத்துங்கள். போனில் சொல்வது நிற்காது.

அதற்கும் மசியவில்லை என்றால் வழி இருக்கிறது. 1960-ஆம் வருட வாடகைச் சட்டம் போய், 2017-இல் இயற்றிய புதுச் சட்டம் 2019 பிப்ரவரி முதல் நடப்பில் இருக்கிறது. ஓனர் சார்பில் வீட்டைப் பார்த்துக்கொண்டு நம்மோடு பேசுகிற ஏஜென்டை அது 'சொத்து மேலாளர்' என்ற கணக்கில் வைக்கிறது. 'நான் வெறும் புரோக்கர்' என்று அவர் கைகழுவ முடியாது. காலி செய்த ஒரு மாதத்துக்குள், நியாயமான கழிவு போக, அட்வான்ஸைத் திருப்பித் தர வேண்டும். வாடகைக்கு ரசீது கேட்பது நம் உரிமை. தண்ணீரை, கரண்டை நிறுத்தினால் வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம். அந்தப் பொறுப்பு துணை ஆட்சியர் நிலைக்குக் குறையாத அதிகாரியிடம் இருக்கும். காரைக்குடி தாலுகா தேவகோட்டை கோட்டத்தில் வருவதால் அங்கே கோட்டாட்சியர் அலுவலகத்தில் முதலில் விசாரியுங்கள்.

ஆனால் ஒப்பந்தம் எழுத்தில் இருந்து, வாடகை அதிகாரியிடம் பதிவாகியிருக்க வேண்டும். 11 மாதத்துக்கு ஒரு பத்திரத்தாளில் கையெழுத்துப் போட்டு அலமாரியில் வைப்பதுதான் நம் வழக்கம். பதிவு எண் இல்லாவிட்டால் நம் பக்கம் பலம் குறைந்துவிடுகிறது.

கமிஷன் வாங்கிக்கொண்டு ஏமாற்றினால் அது சேவைக் குறைபாடு. 1915-க்குப் போன் செய்து நுகர்வோர் புகார் பதியலாம். சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குப் போடலாம். நாம் கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் கிடையாது, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவில் போய் நிற்காதீர்கள், அது வீடு விற்பனை ஏஜென்டுகளுக்கு. தனக்குச் சம்பந்தமே இல்லாத வீட்டைக் காட்டி அட்வான்ஸ் வாங்கினால் அது மோசடி. போலீஸ் ஸ்டேஷனில் மனு கொடுத்து, மனுவைப் பெற்றதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் வராதீர்கள்.

நேற்று பழைய தெரு அக்கா ஒருவர் கூப்பிட்டார். அதே ஆச்சி, அதே புரோக்கர். அக்கா ஐந்து வருடமாக வாடகையை அவர் கையில் கொடுத்திருக்கிறார், ஒரு துண்டுச் சீட்டு இல்லை. இந்த மாத வாடகையை ஜிபேயில் போடச் சொல்லியிருக்கிறேன். ஆச்சியின் முகவரியையும் அனுப்பிவிட்டேன்.