இடிக்கப்போகிற வீட்டுக்கு எதுக்குய்யா வாஸ்து?

நங்கநல்லூரில் அப்பா கட்டிய வீட்டை விற்றுவிடலாம் என்று உடன்பிறந்தவர்கள் மூவரும் பேசி முடித்தோம். அக்கா புக் செய்திருக்கும் ஃபிளாட்டுக்குத் தவணை கட்ட வேண்டும், அதனால் கொஞ்சம் அவசரம். நாம் அவசரத்தில் இருக்கிறோம் என்று வாய்விட்டுச் சொல்லவே வேண்டாம், ஊரில் இருக்கிற அத்தனை புரோக்கருக்கும் மூக்கில் வியர்த்துவிடுகிறது.

முதலில் வந்தவர் கேட்டைத் திறப்பதற்குள்ளேயே ஆரம்பித்தார். "சார், ஒரு கோட் பெயிண்ட் அடிச்சிடுங்க. பார்ட்டி உள்ள வந்தா பளிச்சுன்னு இருக்கணும்." வீடு எண்பதுகளில் கட்டியது. ஹாலில் முழங்கால் உயரத்துக்குச் சுவரெல்லாம் உப்புப் பூத்திருக்கும். அஸ்திவாரத்திலிருந்து ஏறுகிற ஈரம் அது. மேலே பட்டி பார்த்து, பிரைமர் அடித்து, எமல்ஷன் பூசினால் அடுத்த ஐப்பசி மழைக்கு அப்பளம் மாதிரி உப்பிக்கொண்டு வரும் என்று பெயிண்டரே சொன்னார். அதற்குப் புரோக்கரின் பதில்: "விக்கிற வரைக்கும் நின்னா போதும் சார்." அப்புறம் மாடியில் தட்டோடு பெயர்ந்த இடத்தைப் பூசு, பழைய சுவிட்சுகளை மாற்று, பாத்ரூம் குழாயை மாற்று. எல்லாம் சேர்ந்து 80,000 ரூபாயைத் தாண்டிவிட்டது.

சரி, செலவழித்தாயிற்று. இப்போது பார்ட்டிகள் வருகிறார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பிட்டு முடித்து, மாமனார் மாமியார் குழந்தைகளோடு கார் நிறைய வருகிறார்கள். சுவரைத் தட்டுகிறார்கள். மோவாயைத் தூக்கி சீலிங்கைப் பார்க்கிறார்கள். "விரிசல் இருக்கே" என்கிறார்கள். கழிவறைக் கதவைத் திறந்து பார்த்து முகம் சுளிக்கிறார்கள். எல்லாம் முடிந்தபிறகு ஹாலில் உட்கார்ந்து காபியையும் குடித்துவிட்டுச் சொல்கிறார்கள்: "பழைய கட்டடம் சார், எப்படியும் இடிச்சுத்தான் கட்டணும். மனை விலைதான் போடுவோம்."

இதுதான் எனக்கு ஆறவே இல்லை. கட்டடத்துக்கு ஒரு பைசா கிடையாது என்கிறீர்கள். நல்லது, ஒத்துக்கொள்கிறேன். சென்னையில் நாற்பது வருட வீட்டுக்கு அப்படித்தான் விலை பேசுகிறார்கள். கிரவுண்டு 2,400 சதுர அடி, கிரவுண்டுக்கு இவ்வளவு என்று பேசி முடித்துவிட்டுப் போங்கள். ஆனால் அந்தப் பைசா பெறாத கட்டடத்தில் விரிசலைக் காட்டி ஐந்து லட்சம் குறை, ஈரத்தைக் காட்டி இன்னொரு இரண்டு லட்சம் குறை என்றால் என்ன கணக்கு இது? பூஜ்யத்திலிருந்து எதை ஐயா கழிக்கிறீர்கள்?

இதற்கு மேல் வாஸ்து. ஈசானிய மூலையில் கழிவறை இருக்கிறதாம். தெற்குப் பார்த்த வாசலாம். சரி, மனையின் திசையை யாராலும் மாற்ற முடியாது, அதைச் சொல்லிப் பேரம் பேசினால்கூடப் பொறுத்துக்கொள்வேன். புல்டோசர் வரப்போகிற வீட்டில் கழிவறை எந்த மூலையில் இருந்தால் என்ன? ஒருவர் வாஸ்து நிபுணரையே கையோடு கூட்டி வந்தார். கிணறு அக்னி மூலையில் இருக்கிறது, அதை மண் போட்டு மூடி, பரிகாரம் செய்து, அப்புறம் கொடுங்கள் என்றார் அந்த நிபுணர். என் செலவில்! 2019-இல் ஏரிகளெல்லாம் வறண்டு, ஊரே லாரித் தண்ணீருக்குக் குடத்தோடு வரிசையில் நின்றபோது, பக்கத்து வீட்டுக்காரர்கள் வாளியோடு வந்தது இந்தக் கிணற்றுக்குத்தான். வாசலில் முருங்கை ஆகவே ஆகாது என்று அரைமணி நேரம் பேசிய ஒரு அம்மாள், போகும்போது நாலு காய் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

பெயிண்ட் அடி, குழாயை மாற்று என்று யோசனை சொன்ன அத்தனை பேரில் ஒருவராவது "பேப்பரெல்லாம் சரியா இருக்கா சார்?" என்று ஆரம்பத்தில் கேட்டார்களா? இல்லை. நிஜமாகவே ஒருவர் வாங்க முன்வந்து, வங்கிக் கடனுக்குப் போனபோதுதான் அது வந்தது. முப்பது வருட வில்லங்கச் சான்றிதழ் வேண்டும், மூலப் பத்திரம் வேண்டும், தாசில்தாரிடம் வாங்கிய வாரிசுச் சான்றிதழ் வேண்டும், பட்டாவில் எங்கள் பெயர் ஏறியிருக்க வேண்டும். நியாயம்தான், இதில் எனக்குப் பெரிய சண்டை இல்லை. ஆனால் பத்திரத்தில் அப்பா பெயருக்கு ஒரு இனிஷியல், பட்டாவில் இரண்டு. இருவரும் ஒருவரே என்று எழுதிக் கொடுத்து, கையெழுத்துப் போட்டு, நோட்டரியிடம் போய் வந்தாயிற்று. அடுத்து வங்கியின் வக்கீல் கேட்டதுதான் உச்சம்: கட்டட அனுமதி வரைபடம். எந்தக் கட்டடத்துக்கு? இடிக்கப்போகிற அதே கட்டடத்துக்கு! அனுமதி கொடுத்தது அந்தக் காலத்து ஆலந்தூர் நகராட்சி. அது 2011-இல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டது. அந்தக் கோப்பு இப்போது எந்த அலுவலகத்தில், எந்த அலமாரியில், எந்தக் கரையானுக்கு அடியில் இருக்கிறது என்று யாரைக் கேட்பது?

வங்கிக் கடனே வேண்டாம், ரெடி கேஷ் என்று வருகிறவர்கள் இன்னொரு ரகம். "கைட்லைன் வேல்யூவுக்குப் பதிவு போட்டுக்கலாம் சார், மிச்சத்தைக் கையில வாங்கிக்குங்க." கைட்லைன் வேல்யூ என்றால் அரசு நிர்ணயித்த மதிப்பு. பத்திரத்தில் விலையைக் குறைத்துக் காட்டினால், முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என்று மொத்தம் 9 சதவீதத்தில் அவருக்கு மிச்சம். சொத்து விற்ற வகையில் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்க வருமான வரிச் சட்டத்தில் இடம் இருக்கிறது. அபராதம் யாருக்கு? வாங்கிய எனக்கு. அதைச் சொன்னால், "எல்லாரும் பண்றதுதானே சார்" என்று என்னை ஏதோ விவரம் தெரியாத ஆள் மாதிரி பார்க்கிறார். முழுத் தொகையும் செக்கில் என்று கறாராகச் சொன்னால், அந்த 9 சதவீதத்தில் பாதியை விலையில் குறைக்கச் சொல்கிறார்.

எல்லாம் கூடி வந்து ஒரு பார்ட்டி சம்மதித்தது. அதற்குள் ஆடி பிறந்துவிட்டது. ஆடியில் டோக்கன் அட்வான்ஸ்கூடக் கொடுக்க மாட்டார்களாம், ஆவணி முதல் முகூர்த்தத்தில் பார்க்கலாமாம். அக்காவின் பில்டருக்கு ஆடி தெரியாது. அவர் வட்டியோடு கேட்கிறார். முகூர்த்த நாளில் சார்பதிவாளர் அலுவலகத்தில் கூடுதல் டோக்கன் கொடுக்கிற ஊர் இது, இதில் நான் யாரைத் திட்டுவது?

இனி இந்த வீட்டுக்கு ஒரு ஆணிகூட அடிக்கமாட்டேன். அடுத்த ஞாயிறு வருகிறவர்களுக்கு இப்போதே சொல்லிவைக்கிறேன். பத்திர நகல், வில்லங்கம், பட்டா எல்லாம் ஒரு கவரில் போட்டு வாசலிலேயே வைத்திருக்கிறேன். மனை விலைதான் தருவீர்கள் என்றால் மனையை அளந்து பாருங்கள், டேப் நானே தருகிறேன். சுவரைத் தட்டாதீர்கள். காபி கிடையாது. முருங்கைக்காயும் கிடையாது.