உறுப்பினர் என்றால் உண்டியலா?

நான் சந்தா கட்டி உறுப்பினராக இருந்த அருங்காட்சியகம் நேற்றுப் போட்ட பெருமிதப் பதிவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பெருந்தொற்றுக் காலத்திலும் உறுப்பினர்களை விட்டுவிடவில்லையாம். விடவில்லைதான்; ஆனால் அவர்கள் பிடித்திருந்தது எங்கள் கையை அல்ல, சட்டைப்பையை. கதவு பூட்டிக் கிடந்த மாதங்களில் எனக்கு வந்ததெல்லாம் சந்தாவைப் புதுப்பிக்கச் சொன்ன மின்னஞ்சல்கள்தான்.

பணம் கேட்டது குற்றமல்ல. பணத்தை மட்டுமே கேட்டதுதான் குற்றம்.

'வருமானம் நின்றுபோனால் வேறென்ன செய்வார்கள்?' என்று கேட்கச் சிலர் வருவீர்கள். நிலைமை மோசம்தான். உலகின் ஏறத்தாழ 90 விழுக்காடு அருங்காட்சியகங்கள் மூடிக் கிடப்பதாக 2020 மே மாதம் யுனெஸ்கோ சொன்னது. அதற்காக எல்லோரும் ரசீதுப் புத்தகத்தோடு நின்றுவிட்டார்களா? அமெரிக்காவின் ஒக்லஹோமா நகரத்துக் கௌபாய் அருங்காட்சியகம் தன் ட்விட்டர் கணக்கைப் பாதுகாப்புப் பொறுப்பாளர் டிம் கையில் கொடுத்தது. ஹேஷ்டேக் (#) குறி போடச் சொன்னால் 'ஹேஷ்டேக்' என்று எழுத்துக் கூட்டி எழுதினார் மனிதர். முடிவில் 'நன்றி, டிம்' என்று கையொப்பம் வேறு. உலகமே அவரோடு பேசியது. இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் அருங்காட்சியகம் ரோமானியப் பெண்ணொருத்தியின் கல்லறையில் கிடைத்த கொண்டையை, ஊசிகளோடு படமெடுத்துப் போட்டு, 'இதைவிட அச்சமூட்டும் பொருள் உங்களிடம் உண்டா?' என்று மற்றவர்களை வம்புக்கு இழுத்தது. இதற்கெல்லாம் என்ன பெரிய செலவு?

வீட்டுப் பொருள்களைக் கொண்டு ஓவியங்களைப் போல நடித்துக்காட்டச் சொன்னது லாஸ் ஏஞ்சல்ஸின் கெட்டி (Getty) அருங்காட்சியகம். என் மகள் வேண்டுமென்றே எங்கள் அருங்காட்சியகத்து ஓவியமாகத் தேடினாள்: ஜன்னலோரம் அமர்ந்திருக்கும் கிழவி. சால்வைக்குப் படுக்கை விரிப்பு, நரைக்கு முகப்பவுடர், கையிலிருக்கும் கிண்ணத்துக்கு என் சவரக் கிண்ணம். படத்தை அனுப்பிவிட்டுக் காத்திருந்தாள். அடுத்து வந்த மின்னஞ்சல், 'உங்கள் சந்தா முடிவடையப்போகிறது'.

'உயிர் போகிற நேரத்தில் உனக்கு ஓவியம் கேட்கிறதா?' ஆமாம், கேட்டது. அதற்கு மேல் விளக்கம் தர விருப்பமில்லை.

'இணையத்தில் சுற்றிக்காட்டினார்களே?' யாருமில்லாத கூடத்தில் அம்புக்குறியை அழுத்தி அழுத்திச் சுவரில் முட்டிக்கொள்வதா உறவு? பேச ஒரு மனிதர் வேண்டாமா? பேசத் தெரிந்தவர்களைத்தான் பல இடங்களில் முதலில் வேலையைவிட்டு அனுப்பினார்கள். நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகமே 2020இல் பார்வையாளர்களுக்குக் கலையை விளக்கும் தன் ஒப்பந்தக் கல்வியாளர்களைக் கைகழுவியது. எங்கள் அருங்காட்சியகத்தில் குழந்தைகளைத் தரையில் உட்காரவைத்துக் கதை சொல்லும் பெண்ணும் மறுதிறப்பின்போது இல்லை. விசாரித்தேன். 'அந்தப் பணியிடம் இப்போது கிடையாது' என்றார் வரவேற்பிலிருந்தவர், என் அட்டையிலிருந்து கண்ணை எடுக்காமல். மகளுக்கு என்ன சொல்வது என்று அவரிடம் கேட்டிருக்க வேண்டும்.

இந்த ஆண்டு நான் புதுப்பிக்கவில்லை. காரணம் கேட்டுப் படிவம் வந்திருக்கிறது. கட்டணம் அதிகம், ஊர் மாற்றம், நேரமின்மை என்று மூன்றே கட்டங்கள். மூன்றையும் விட்டுவிட்டு இந்தப் பதிவைத்தான் அனுப்பப்போகிறேன். படிப்பார்களா என்று மட்டும் கேட்காதீர்கள்.