"படித்து வரவில்லை" என்று சொல்பவர்களுக்கு

அமெரிக்காவில் டாக்டராக இருக்கும் நண்பர் ஒருவர் போன வாரம் ஊருக்கு வந்திருந்தார். பேச்சுவாக்கில், "அங்கே மெடிக்கல் காலேஜ்களில் கறுப்பினப் பேராசிரியர்கள் குறைவு என்றால், அவர்கள் அந்த அளவுக்குப் படித்து வரவில்லை என்றுதானே அர்த்தம்" என்றார். வீட்டுக்கு வந்த விருந்தாளியோடு மல்லுக்கட்ட மனமில்லை. ஆனால் நெஞ்சில் முள்ளாக நிற்கிறது, அதனால் இங்கே எழுதுகிறேன்.

விவியன் தாமஸ் என்ற கறுப்பினத்தவர் டாக்டராகும் கனவோடு காசு சேர்த்தவர். பெருமந்தம் என்ற பொருளாதார வீழ்ச்சியில் நாஷ்வில் நகர வங்கி திவாலாகி அந்தச் சேமிப்பு போனது. அறுவை சிகிச்சை நிபுணர் ஆல்ஃப்ரெட் பிளாலாக்கின் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தார். செய்தது ஆராய்ச்சி, சம்பளப் பதிவேட்டில் அவர் துப்புரவுப் பணியாளர். பிறவி இதயக் கோளாறால் உடம்பு நீலம் பாரிக்கும் குழந்தைகளுக்கான அறுவை சிகிச்சையை நாய்களின் மேல் திரும்பத் திரும்பச் செய்து பார்த்துப் பழகியவர் அவர்தான். 1944 நவம்பரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் முதல் குழந்தைக்கு அதைச் செய்தபோது, பிளாலாக்கின் தோளுக்குப் பின்னால் முக்காலி போட்டு நின்று வழி சொன்னார். மறு வருடம் வந்த ஆய்வுக் கட்டுரையில் தாமஸின் பெயர் இல்லை. அங்கே அவருக்கு ஆசிரியர் பதவி கிடைத்தது 1976-இல்.

சரி, அவரிடம் பட்டம் இல்லை என்பார்கள். பட்டம் வாங்க எத்தனை வாசல் இருந்தது? 1910-இல் மருத்துவக் கல்லூரிகளை ஆராய்ந்த ஆபிரகாம் ஃப்ளெக்ஸ்னரின் அறிக்கை வந்தது. மருத்துவக் கல்வியின் தரத்தை அது உயர்த்தியது உண்மை. ஆனால் கறுப்பினத்தவருக்கென்று இருந்த ஏழு கல்லூரிகளில் ஐந்து அதன்பின் மூடப்பட்டன. ஹோவர்டும் மெஹரியும்தான் மிஞ்சின. தெற்கு மாநிலங்களின் வெள்ளையர் கல்லூரிகள் இன்னும் பல பத்தாண்டுகள் அவர்களைச் சேர்க்கவே இல்லை. டாக்டர்களே உருவாகாத இடத்தில் பேராசிரியர்கள் எப்படி உருவாவார்கள்? இன்றும் மக்கள்தொகையில் சுமார் 13 சதவீதம் இருப்பவர்கள், மருத்துவக் கல்லூரி ஆசிரியர்களில் ஏறக்குறைய 4 சதவீதம்தான்.

அத்தனையும் தாண்டி உள்ளே போனவர்கள் கதையைக் கேளுங்கள். கல்லூரியில் எந்தக் கமிட்டி போட்டாலும் ஒரு கறுப்பின முகம் வேண்டும்; இருப்பதே இரண்டு பேர், அவர்களைத்தான் கூப்பிடுவார்கள். தவிக்கிற மாணவர்களும் அவர்கள் அறையைத்தான் தட்டுவார்கள். இதற்கு அங்கே 'சிறுபான்மை வரி' என்றே பெயர். பதவி உயர்வு நேரத்தில் எண்ணப்படுவதோ கட்டுரைகளும் ஆராய்ச்சி நிதியும். அந்த நிதியிலும் பாரபட்சம். படிப்பு, பயிற்சி, வெளியீடுகள் எல்லாம் சமமாக இருந்தும், அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனத்தின் முக்கிய ஆராய்ச்சி நிதி கிடைக்கும் வாய்ப்பு வெள்ளையரைவிடக் கறுப்பினத்தவருக்கு 10 சதவீதப் புள்ளிகள் குறைவு என்று 2011-இல் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வு வந்தது. கமிட்டியில் உட்கார்ந்த நேரத்தையும் மாணவரைத் தாங்கிப் பிடித்த நேரத்தையும் பதவி உயர்வுக் கணக்கில் சேர்க்க வேண்டும். இதைக்கூடச் செய்யாமல் 'தகுதி' என்று பேசுவது எனக்கு அநியாயமாகப் படுகிறது.

நம்மவர்கள் இதைச் சொல்லும்போது இன்னும் வலிக்கிறது. ஆசிய டாக்டர்கள் அங்கே ஆசிரியர்களாக நிறைய இருக்கிறார்கள். துறைத் தலைவர், டீன் என்று மேலே போகப் போக அவர்களும் குறைந்துவிடுகிறார்கள். அதோடு, இந்திய டாக்டர்கள் பெருமளவில் அங்கே போக வழிவிட்டது 1965-இன் குடியேற்றச் சட்டம். கறுப்பின மக்கள் தெருவில் அடிவாங்கி நடத்திய உரிமைப் போராட்டத்தின் சூட்டில் வந்த சட்டம் அது. நண்பரின் அப்பா எம்பிபிஎஸ் முடித்துவிட்டு அமெரிக்கா போனது 1971-இல்.